ரப்பர் கிளவுஸுக்குப் பின்னால் ஒரு பேட்டன்ட் சண்டை

1/ நாங்க தினமும் மாட்டிக் கழட்டிப் போடுற ரப்பர் கிளவுஸுக்குப் பின்னால ஒரு பெரிய கோர்ட் கதை இருக்கு.

2/ பச்சை ரப்பர் வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைக்கும். கந்தகப் பொடி கலந்து சூடாக்கினா உறுதியாகும்னு கண்டுபிடிச்சவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். 1844-ல் பேட்டன்ட் வாங்கினார்.

3/ ஹோரஸ் டே அதை மீறினார். 1852-ல் டிரென்டன் நகரில் நடந்த வழக்கில் டேனியல் வெப்ஸ்டர் வாதாடி, குட்இயரை ஜெயிக்க வெச்சார்.

4/ ஆனா பிரிட்டனில், குட்இயரோட மாதிரித் துண்டுகளைப் பார்த்திருந்த தாமஸ் ஹான்காக் முந்திக்கிட்டார். அங்கே பேட்டன்ட் அவருக்குத்தான்.

5/ 1860-ல் குட்இயர் இறந்தப்போ சுமார் 2 லட்சம் டாலர் கடன். 30 வருஷம் கழிச்சு ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஹால்ஸ்டெட் ஆபரேஷனுக்கு ரப்பர் கிளவுஸ் கொண்டுவந்தார்.

6/ பேட்டன்ட் உரிமையைத்தான் தரும். அதைக் காப்பாத்துற செலவு கண்டுபிடிச்சவர் தலையில.