அரண்மனை வாயிலும் வட்டத்தொட்டியும்

பிழைப்பின் பொருட்டு வேற்றூர் செல்லும் மனிதனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கும், வேலையும் கிடைக்கும். மனமொத்த நண்பர் கிடைப்பதுதான் அரிது. பிள்ளைப் பருவத்து நட்பைத் தெருவும் பள்ளியும் தேடித் தந்துவிடுகின்றன. நடுவயதில் ஊர் மாறியவன் அதனைத் தானே தேட வேண்டும். தமிழ்ப் புலவர்களும் இதற்கு விலக்கானவர் அல்லர். அவர்களது தேடல் அரண்மனை வாயிலில் தொடங்கி நண்பர் வீட்டு முற்றத்தில் வந்து நின்ற வரலாறு, இலக்கிய வட்டங்கள் எதற்காகத் தோன்றின என்பதையும் விளக்குவதாகும்.

இராசபாளையத்திற்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சேத்தூர், பழைய நூல்களில் சேற்றூர் என வழங்கும் ஜமீன் ஊர். இராமசாமிக் கவிராயரும், அவர் மைந்தர் அருணாசலக் கவிராயர், சுப்பிரமணியக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் ஆகியோரும் இவ்வூர்ப் பெயரோடு இணைத்துப் பேசப்படும் புலவர்கள். அக்காலத்தில் புதிய ஊருக்கு வரும் புலவன் முதலில் நாடியது புரவலனையே. புரவலன் சோறும் பரிசிலும் தந்தான். அவையில் பிற புலவரும் உடனிருந்தனர். ஆயினும் ஒரே கையிலிருந்து பரிசில் பெறுவோர் ஒருவருக்கொருவர் போட்டியாளராகவும் இருக்க நேர்ந்தது. அங்கே தயவே அடிப்படை. நட்பு வாய்த்தால் அது தற்செயல்.

கந்தசாமிக் கவிராயர் மதுரையில் ‘விவேகபாநு’ என்னும் மாத இதழின் ஆசிரியராக விளங்கினார். எட்டயபுரம் அரண்மனைத் தொடர்பிலிருந்து விலகிய பாரதியின் ‘தனிமை இரக்கம்’ 1904 ஜூலையில் அவ்விதழில் வெளிவந்தது. அச்சேறிய பாரதி பாடல்களில் முதலாவதாக அறியப்படுவது அதுவே. அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் நவம்பர் 10 வரை அவர் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணியாற்றினார். தனிமையைத் தலைப்பிலேயே தாங்கிய பாடல், முகமறியா வாசகர் பலரிடம் சென்று சேர்ந்தது. அரண்மனை செய்துவந்த பணியில் ஒரு பகுதியை இதழ் ஏற்றுக்கொண்டது எனலாம். ஆனால் இதழ் வாசகரைத் தரும். மாலையில் எதிரே அமர்ந்து உரையாடும் தோழரைத் தராது.

அக்குறையை நிறைவு செய்தவர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். திருவில்லிபுத்தூரில் பிறந்தவர், தென்காசிக் குடும்பத்தவர். அவ்விரு ஊர்களையும் இணைக்கும் சாலை சேத்தூர் வழியாகவே செல்கிறது. சட்டம் பயின்று திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த அவருடைய இல்லத்தில், 1920களில் ‘வட்டத்தொட்டி’ உருவாயிற்று. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நண்பர்கள் கூடுவர். கம்பன் கவியொன்றை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பலமுறை பாடி, அதன் உணர்ச்சியில் திளைப்பர். பரிசில் இல்லை, பட்டம் இல்லை. சுவைப்பதற்குத் துணை வேண்டும் என்பதொன்றே காரணம்.

பேராசிரியர் அ. சீனிவாசராகவன், பாஸ்கரத் தொண்டைமான், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன் முதலியோர் அத்தொட்டியோடு தொடர்புடையவர்கள். உத்தியோகம் இவர்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. ஆயினும் தொட்டியில் பெற்ற சுவை உடன் சென்றது. தொண்டைமான் தஞ்சையில் பணியாற்றியபோது, 1951இல் கலைக்கூடம் அமைய வழி செய்தார். மகராஜன் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கினார். சீனிவாசராகவன் ‘வெள்ளைப் பறவை’ என்னும் கவிதை நூலுக்காக 1968இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். புது ஊரில் நட்பை நாடுவோர் கையில் பகிர்ந்துகொள்ள ஒன்று இருத்தல் வேண்டும் என்பதற்கு இவர்கள் சான்று.

வட்டத்தொட்டிக்கு ஒரு குறையும் உண்டு. அது ஒருவரைச் சுற்றி அமைந்தது. டி.கே.சி. பிற்காலத்தில் குற்றாலத்தில் தங்கினார், இராஜாஜியும் கல்கியும் அங்கே தேடி வந்தனர், நட்பு தொடர்ந்தது. எனினும் 1954இல் அவர் மறைந்தபின் அந்த மையம் இல்லாதுபோயிற்று. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகமோ, நாளும் முறையும் வகுத்துக்கொண்டமையால் நிறுவியவர் காலத்துக்குப் பின்னும் நிலைத்தது. அன்பு கூட்டத்தைச் சேர்க்கும். ஒழுங்கே அதனைக் காக்கும்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. வட்டத்தொட்டியைப் பற்றிப் பேசும்போது நம் நினைவுக்கு வரும் பெயர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர், பேராசிரியர், அலுவலர் ஆகியோருடையவை. இராசபாளையத்தில் 1936இல் பஞ்சாலை தோன்றியது. ஆலைச் சங்குக்கு வாழ்வோர் பெருகினர். முறை வேலை பார்ப்பவருக்கு ஞாயிறு மாலை ஓய்வாக இராது. மணமாகி வேற்றூர் வந்த பெண்ணுக்கு, நண்பரையும் நூலையும் நாடி வெளியே வருவதே எளிதன்று. ஊர் மாறியவருள் மிகத் தனித்தவர்கள் இவர்களே.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது. புலவன் இனி நிற்பதற்கு அரண்மனை வாயில் இல்லை. அவ்விடத்தை நிரப்ப வேண்டிய கடமை இலக்கிய வட்டங்களைச் சார்ந்தது. பத்தாண்டு நிறைவு காணும் ஒரு வட்டத்தின் வெற்றியை நடத்திய கூட்டங்களின் எண்ணிக்கை மட்டும் காட்டிவிடாது. சென்ற மாதம் ஊருக்குப் புதிதாக வந்து, கடைசி வரிசையில் ஒருவரோடும் பேசாது அமர்ந்திருந்தவர் அடுத்த மாதமும் வந்தாரா, அவரை எவரேனும் பெயர் சொல்லி அழைத்தனரா என்பதே உரைகல்.