தனக்குத் தானே சந்தா கட்டிய மாணவன்

பதிவு சற்று நீளம். காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஹார்வர்டு என்றதும் நம்மில் பலருக்குத் தமிழ் இருக்கைதான் நினைவுக்கு வரும். எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும், அங்குள்ள மாணவர் இசைக்குழு. 1808-இல் மாணவர்களே கூடித் தொடங்கியது. நியூயார்க்கின் புகழ்பெற்ற ஃபில்ஹார்மோனிக் தோன்றியது 1842-இல் என்றால், இதன் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஹார்வர்டில் இசை ஒரு பாடமே அல்ல. லத்தீன், கிரேக்கம், கணக்கு, சமயம் இவைதாம் படிப்பு. ஆகவே மாணவர்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு சங்கம் அமைத்து, கிரேக்கப் புராணத்தில் கலைத்தேவதைகளுக்கு உரிய பியரியா என்ற இடத்தின் பெயரால் 'பியரியன் சொடாலிட்டி' என்று அழைத்தார்கள். பெயர்தான் கம்பீரம். செய்ததென்னவோ இரவில் ஊர் சுற்றி இளம்பெண்களின் ஜன்னலுக்குக் கீழே நின்று வாசித்தது. பிராந்தியும் சுருட்டும் உண்டு. கல்லூரி நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை என்று நான் சொல்லவும் வேண்டுமா? ஒருமுறை விடிய விடிய வாசித்துவிட்டு வந்தபின், சங்கத்தைக் கலைத்துவிடுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள்.

இப்படியாக 1832-இல் சங்கத்தில் மிஞ்சியவர் ஒரே ஒருவர். ஹென்றி காசெட் என்ற மாணவர், கையில் ஒரு புல்லாங்குழல். குழுவினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது: அவர் தனியாகவே கூட்டம் கூட்டினார், தனக்குத் தானே சந்தா செலுத்தினார், தானே வாசித்துத் தானே கேட்டுக்கொண்டார். பிறகு மெல்ல மெல்ல மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். வேடிக்கைக் கதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு நூற்றாண்டுகளாக இடைவிடாமல் நடந்துவரும் குழு என்று அவர்கள் பெருமைப்படுவது அந்த ஒற்றைப் புல்லாங்குழலை நம்பித்தான். அவர் "யாரும் வரவில்லையே" என்று கதவைப் பூட்டியிருந்தால், வயதை வேறு ஆண்டிலிருந்துதான் எண்ணவேண்டியிருக்கும்.

ஐந்தே ஆண்டுகளில், 1837-இல், சங்கத்தின் முன்னாள் உறுப்பினர்கள் கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். பிற்பாடு ஹார்வர்டு இசைச் சங்கம் என்று பெயர் பெற்றது அதுவே. கல்லூரியில் இசையையும் கற்பிக்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அது நிறைவேறப் பொறுமை வேண்டியிருந்தது. ஜான் நோல்ஸ் பெயின் அங்கே முழு இசைப் பேராசிரியரானது 1875-இல். அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதிலும் அதற்குமுன் அப்படியொரு பதவி இருந்ததில்லை என்பார்கள். மாணவர்கள் தொடங்கி 67 ஆண்டுகள் கழித்துத்தான் பெரியவர்கள் வந்து சேர்ந்தார்கள்! இதற்கிடையே இசைச் சங்கம் 1865 முதல் பாஸ்டனில் கச்சேரிகள் நடத்தி, நகரத்தாருக்கு உட்கார்ந்து கேட்கும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. 1881-இல் பாஸ்டன் சிம்பொனி தோன்றியபோது அதற்கான ரசிகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

இந்தக் குழு வழியே வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். 1920-களின் தொடக்கத்தில் மாணவராக இருந்துகொண்டே குழுவை நடத்தியவர் வால்டர் பிஸ்டன். பின்னாளில் அங்கேயே பேராசிரியர். அவரிடம் படித்தவர் லியோனார்டு பெர்ன்ஸ்டைன்.

இனி எனக்கு நெருடலான பகுதி. ஹார்வர்டு ஆண்களின் கல்லூரி. பக்கத்திலேயே பெண்களுக்கென ராட்கிளிஃப் கல்லூரி. அங்கும் நன்றாக வாசிக்கும் மாணவியர் இருந்தார்கள், சேர்ந்து கச்சேரி செய்ததும் உண்டு. ஆனால் குழு ஒன்றாகியது 1942-இல்தான். காரணம் போர். பையன்கள் படைக்குப் போய்விட்டார்கள், நாற்காலிகள் காலி. ஹார்வர்டு-ராட்கிளிஃப் இசைக்குழு என்று பெயர் மாறியது. தகுதியைப் பார்த்து முன்பே திறந்திருக்கவேண்டிய கதவு, ஆளில்லாத நெருக்கடியில் திறந்தது. எப்படியோ, திறந்த கதவை யாரும் மறுபடி மூடவில்லை.

மாணவர் குழுவில் ஒரு தொல்லை, நீங்களெல்லாம் எனக்குக் காட்டியதுதான்: நன்றாகத் தேறிய கையோடு விடைபெற்றுப் போய்விடுவீர்கள்! நான்கே ஆண்டுகளில் குழு முழுவதும் புது முகங்கள். ஜேம்ஸ் யன்னாடோஸ் 1964 முதல் 2009 வரை அதை நடத்தினார். 45 ஆண்டுகள், ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக வந்த பிள்ளைகளோடு முதலிலிருந்து.

ராட்கிளிஃப் கல்லூரி 1999-இல் ஹார்வர்டோடு முழுவதுமாக இணைந்துவிட்டது. குழுவின் பெயரிலிருந்து அதை எடுக்கவில்லை.