காலியாக இருந்த இடம்

ரிக்லீஸ் சூயிங்கம் தெரியுமில்லையா? அந்தக் கம்பெனியின் முதலாளி பிலிப் ரிக்லிக்கு இன்னொரு சொத்தும் இருந்தது. சிகாகோ கப்ஸ் என்கிற பேஸ்பால் அணி. 1960ல் அது 94 மேட்ச்களில் தோற்றது. தோற்றால் மேனேஜரை மாற்றுவதுதானே உலக வழக்கம்? ரிக்லி, மேனேஜர் பதவியையே தூக்கிவிட்டார்!

பதிலுக்கு எட்டு கோச்சுகள். சிலர் முறை வைத்துத் தலைமை தாங்குவார்கள். மற்றவர்கள் கீழ்மட்ட அணிகளுக்குப் போய் இளம் பையன்களைத் தயார் செய்வார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பாடம். 'காலேஜ் ஆஃப் கோச்சஸ்' என்று பெயர். காகிதத்தில் பிரமாதம்தான். ஆனால் 1961ல் நாலு பேர் மாறி மாறித் தலைமை வகித்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. யார் பேச்சைக் கேட்பதென்று பையன்கள் முழித்தார்கள். 90 தோல்வி. அடுத்த வருஷம் 103!

அந்த 1962ல் இந்தக் காலேஜ் ஒரு சரித்திரமும் படைத்தது. பக் ஓ'நீல் கோச்சாக நியமிக்கப்பட்டார். மேஜர் லீக் பேஸ்பாலின் முதல் கறுப்பின கோச். கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த லீகில், கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியை 1948 முதல் 1955 வரை நடத்தியவர். அனுபவத்துக்கா பஞ்சம்?

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். பேஸ்பாலில் முதல் பேஸ், மூன்றாம் பேஸ் பக்கத்தில் ஆளுக்கொரு கோச் நிற்பார். ஓடுகிறவனுக்குப் பல நேரம் பந்து முதுகுக்குப் பின்னால் இருக்கும். 'ஓடு', 'நில்லு' என்று கைகாட்டுவது இவர்கள்தான். கிரிக்கெட்டில் எதிர்முனை ஆட்டக்காரர் 'யெஸ்', 'நோ' என்று கத்துவாரே, அந்த மாதிரி.

ஹூஸ்டனில் ஒரு மேட்ச். தலைமை கோச் சார்லி மெட்ரோவை அம்பயர் வெளியே அனுப்பினார். எல் டாப்பி என்ற கோச்சும் வெளியேற்றப்பட்டார். பேஸ் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். பக் ஓ'நீல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டார்களா? இல்லை. மைதானத்தின் கோடியில் பந்துவீச்சாளர்களைத் தயார் செய்துகொண்டிருந்த ஃப்ரெட் மார்ட்டினை அத்தனை தூரத்திலிருந்து வரவழைத்தார்கள்!

'ஓ'நீலை அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது' என்று மேலிடத்து உத்தரவு இருந்ததாக அவருக்குப் பிறகு தெரியவந்தது. தன் நீண்ட பேஸ்பால் வாழ்க்கையின் சில ஏமாற்றங்களில் அதுவும் ஒன்று என்று சுயசரிதையில் எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். வேலையை எல்லாருக்கும் பங்கு போடத்தான் அந்தக் காலேஜே ஆரம்பித்தார்கள். பதவி கொடுத்தார்கள், சம்பளம் கொடுத்தார்கள். நாலு பேர் பார்க்க மைதானத்தில் நின்று கைகாட்டுகிற அதிகாரத்தை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. மேஜர் லீகில் ஒரு கறுப்பர் முறைப்படி மேனேஜர் ஆனது 1975ல்தான். கிளீவ்லாண்ட் அணிக்கு ஃப்ராங்க் ராபின்சன்.

ஓ'நீல் 2006ல் காலமானார். பேஸ்பாலின் மிகப்பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தது 2022ல். பதினாறு வருஷம் லேட். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.