கும்பினி எல்லையில் நின்ற விடுதலை

பிரிட்டனின் அடிமை ஒழிப்பு வரலாறு பெரும்பாலும் வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் நாடாளுமன்ற உரைகளைச் சுற்றியே சொல்லப்படுகிறது. அவர் தொண்டு பெரிது. ஆயினும் இயக்கத்தின் உயிர் மன்றத்துக்கு வெளியேதான் இருந்தது.

1787 மே 22 அன்று லண்டன் அச்சகம் ஒன்றில் பன்னிருவர் கூடி, அடிமை வணிகத்தை ஒழிக்கச் சங்கம் தொடங்கினர். ஒன்பது பேர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர். ஏனையோரில் ஒருவர் தாமஸ் கிளார்க்சன். இரண்டாண்டுகளுக்கு முன் கேம்பிரிட்ஜில் அடிமைமுறை குறித்து லத்தீனில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்ற இளைஞர். பரிசோடு அவர் மனம் அமைதியடையவில்லை. குதிரையேறி பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களுக்குப் போனார். மாலுமிகளிடம் வாக்குமூலம் சேகரித்தார். கைவிலங்கையும் கட்டைவிரலை நெரிக்கும் திருகுக் கருவியையும் லிவர்பூலில் காசு கொடுத்து வாங்கிவந்து மக்கள் முன் வைத்தார். 'புரூக்ஸ்' என்ற கப்பலின் அடித்தளத்தில் 480க்கும் மேற்பட்ட மனிதர்களை நெருக்கிக் கிடத்தும் முறையைக் காட்டிய படம் ஊரெங்கும் பரவியது. உண்மையில் அதே கப்பல் ஒரு பயணத்தில் 600க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றிருந்தது. 1789இல், அடிமையாயிருந்து தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட ஒலாவுடா ஈக்வியானோ தன் வரலாற்றை வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று பேசினார்.

1791இல் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தை நிறுத்தும் தீர்மானத்தைத் தோற்கடித்தபோது குடும்பப் பெண்கள், அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சர்க்கரையை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தனர். சுமார் மூன்று லட்சம் பேர் அந்தப் புறக்கணிப்பில் சேர்ந்தனர். வாக்குரிமை இல்லாத பெண்கள் அடுக்களையிலிருந்து நடத்திய அரசியல் இது. இதை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் பெரிதாக எண்ணவில்லை என்பது வருந்தத்தக்கது.

1807ஆம் ஆண்டுச் சட்டம் வணிகத்தைத்தான் நிறுத்தியது. தோட்டங்களில் இருந்தவர்கள் அடிமைகளாகவே நீடித்தனர். படிப்படியாக விடுவிப்போம் என்று ஆண் தலைவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, உடனடியாக விடுவிக்க வேண்டும் என்று 1824இல் எழுதியவர் எலிசபெத் ஹெய்ரிக். 1831 கிறிஸ்துமஸ் நாள்களில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் அடிமைகளே கிளர்ந்தெழுந்தனர். நூற்றுக்கணக்கானோர் தூக்கிலேற்றப்பட்டனர், ஷார்ப்பும் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். இனி இந்த முறையைக் காப்பாற்ற முடியாது என்பதை லண்டனுக்கு உணர்த்தியது அந்தக் கிளர்ச்சி. மறு ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. எட்டு லட்சம் பேருக்கு விடுதலை. உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்கு மேல், 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானர்களிடமே ஊதியமின்றி அவர்கள் வேலை செய்ய நேர்ந்தது.

தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய இடம் அந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிப்பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலீனா ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அது ஒதுக்கிவிட்டது. 1820களில் இங்கிலாந்துச் சர்க்கரைக் கிண்ணங்கள் சிலவற்றில், கிழக்கிந்தியச் சர்க்கரை அடிமைகள் செய்தது அன்று என்ற வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. வாங்கியவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அதே காலத்தில், அதே கும்பினி ஆண்ட தஞ்சை, மலபார் வயல்களில் மனிதர்கள் நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாதியும் அடிமைத்தனமும் இங்கே பிணைந்திருந்ததால், இதை வெறும் ஊர் வழக்கம் என்று சொல்லி விலகிக்கொள்வது அதிகாரிகளுக்கு எளிதாயிற்று.

கும்பினி ஆண்ட இந்தியாவுக்கென 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடுத்து வந்தது. வரிப் பாக்கிக்காகவோ நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் மனிதரை விற்கக் கூடாது. அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது. சுதந்திர மனிதருக்கு எதிராகச் செய்தால் எது குற்றமோ, அடிமை என்று சொல்லப்படுபவருக்கு எதிராகச் செய்தாலும் அது குற்றமே. நான்கே பிரிவுகள். அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று அது சொல்லவில்லை. வைத்திருந்தவருக்குத் தண்டனையும் இல்லை, விடுபட்டவருக்கு நிலமும் இல்லை. குடியிருக்கும் மனைக்கட்டு மிராசுதாருடையது, வாங்கிய கடனும் அவரிடமே. அப்படியிருக்க நீதிமன்றம் கைவிட்ட உரிமையைக் கடனும் சாதியும் காத்துக்கொடுத்தன. தஞ்சை மாவட்டப் பண்ணையாள்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் 1952இல்தான் வந்தது; கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்.