அச்சாபீஸின் மிச்சக் கணக்கு

வலங்கைமான் கடைத்தெருவில் அச்சாபீஸ் வைத்திருப்பவனிடம் வருஷம் முழுக்க வரும் கேள்வி ஒன்றுதான். "இப்பல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர்தானே அண்ணே, ரேட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன்!" கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மெஷின் வந்தால் செலவு குறையத்தான் வேண்டும், குறைந்தும் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் குறைந்தது, குறைந்த காசு யார் மடியில் போய் விழுந்தது என்று பார்த்தால், இந்தக் காவிரிக் கரையிலேயே முந்நூறு வருஷக் கதை கிடக்கிறது.

முதல் கணக்கு தரங்கம்பாடியில் எழுதப்பட்டது. 1706இல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற பாதிரியாருக்குத் தமிழில் அச்சடிக்க வேண்டும் என்று ஆசை. லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பி வைத்தது. அதை ஓட்டக் கூடவே கிளம்பிய அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் பெரிது. ஒரு பக்கத்தில் நாலு வாக்கியம் வைத்தாலே இடம் தீர்ந்துவிடும். பேப்பரோ கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டியது. கப்பல் தாமதமானால் வேலை நின்றுபோகும்.

அப்போது தரங்கம்பாடிப் பாதிரியார்கள் செய்ததை இன்றைக்கு எந்த முதலாளியும் மெச்சுவார். எழுத்தைச் சிறிதாக்கினார்கள். எழுத்துகளோடு வந்த ஆட்லர் என்ற தொழிலாளி, பக்கத்து ஊரான பொறையாரில் சின்ன எழுத்தாகச் செதுக்கி வார்த்தார். வார்க்க ஈயம் வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. பேப்பருக்கும் ஒரு வழி பார்ப்போம் என்று பொறையாரிலேயே ஒரு காகித ஆலையும் போட்டார்கள். அது நிலைக்கவில்லை. எழுத்து வார்ப்பு நிலைத்தது. இன்றைக்கும் ஒரு வேலைக்கு ரேட் போடும்போது முதலில் பேப்பரைத்தான் பார்க்கிறோம். எழுத்தளவைக் குறைத்து எட்டுப் பக்கத்தை நாலாக்க முடியுமா என்று நான் பார்ப்பதும் ஆட்லர் பார்த்த வேலைதான்.

இரண்டாவது கணக்கு, போகவர ஆகும் செலவு. இந்தியர்களும் தடையில்லாமல் அச்சகம் வைத்துக்கொள்ளலாம் என்று 1835இல் ஆனது. அதற்குப் பிறகு சென்னையில் அச்சுக்கூடங்கள் பெருகின. உ.வே. சாமிநாதையர் 1880இலிருந்து கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்தது, அச்சானது சென்னையில். ஏட்டை ஒப்பிட்டுப் பாடம் தீர்மானித்தவர் கும்பகோணத்தில், எழுத்து கோத்தவர் சென்னையில். லீவு விட்டால் ஐயர் சென்னைக்கு ஓடுவார். மற்ற நாளில் புரூப் தபாலில் போய்த் தபாலில் வரவேண்டும். ஒரு பாரம் (ஒரே தாளில் அடிக்கும் பக்கங்கள்) திருத்தி வரும்வரை கோத்த எழுத்து அப்படியே கட்டிப்போட்டுக் கிடக்கும். அடுத்த பாரம் கோக்க எழுத்து போதாது. பேப்பர் விலையும் கூலியும் பில்லில் தெரியும். காத்திருந்த நாளுக்கு யாரும் பில் போடுவதில்லை, ஆனால் அதுவும் செலவுதான். இத்தனை செலவையும் சமாளிக்க ஐயர் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தஞ்சாவூரில் ஒருவர் அச்சகத்தையே தன் வாசலுக்குக் கொண்டுவந்தார். ஆபிரகாம் பண்டிதர் வைத்தியர், இசை ஆராய்ச்சியாளர். அவருடைய கருணாமிர்த சாகரம் சுருதிக் கணக்கும் அட்டவணையுமாக நிறைந்த தடிமனான நூல். அதை வெளியூர் அச்சகத்துக்குக் கொடுத்தால் புரூப் பார்த்தே ஆயுள் முடிந்துவிடும். மின்சாரத்தில் ஓடும் அச்சகம் ஒன்றை அவரே வைத்து, கவர்னர் ஆர்தர் லாலியின் பெயரை அதற்குச் சூட்டினார். 1917இல் புத்தகம் அங்கேயே அச்சாகி வந்தது. ஊரெல்லாம் அரிக்கேன் விளக்கில் இருந்த காலத்தில் தஞ்சாவூரில் கரண்டில் மெஷின் ஓடியது.

எங்களைப் போன்ற சின்ன ஊர்களுக்கு வந்தது டிரெடில். அமெரிக்காவில் ஜார்ஜ் கார்டன் 1850களில் உருவாக்கிய வகை அது. மின்சாரம் வேண்டாம், நின்றுகொண்டே ஒரு காலால் மிதித்தால் போதும். வலது கையால் தாளை வைத்து, இடது கையால் அடித்ததை எடுக்க வேண்டும். கை பழகியவர் மணிக்கு ஆயிரம் வரை அடிப்பார். பழகாதவர் விரலைக் கொடுத்துவிடுவார்.

அப்பாவின் அச்சாபீஸில் அப்படி ஒரு டிரெடில் இருந்தது. பங்குனியில் பாடைகட்டி மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், குருப்பெயர்ச்சி வந்தால் ஆலங்குடிக் கோயிலுக்கு, தீபாவளிக்கு முன்னால் வெடிக்கடைகளின் விலைப்பட்டியல், அறுவடைக்கு ரைஸ் மில் பில் புத்தகம். இவற்றுக்கு நடுவில் தை, வைகாசி, ஆவணி என்று கல்யாணப் பத்திரிகை.

ஒரு கல்யாணப் பத்திரிகை எப்படி உருவானது என்று கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் மிச்சம் எங்கே ஒளிந்திருந்தது என்று புரியும். கம்போசிட்டர் கேஸ் முன்னால் நிற்பார். சாய்வான மரப்பெட்டி, உள்ளே சிறுசிறு அறைகள், அறைக்கு ஓர் எழுத்து. இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக். கண் கைப்பிரதியில் இருக்கும், வலது கை தானாக அறைக்குப் போய் எழுத்தைத் தலைகீழாக எடுத்து வரும். வரி நிரம்பாவிட்டால் இடையில் குவாட் என்ற வெற்று ஈயத் துண்டை வைப்பார். கோத்ததைக் கேலி என்ற தட்டில் இறக்கி நூலால் கட்டி, மை தடவி ஒரு புரூப் எடுப்பார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து எடுத்துப்போவார், இரண்டு நாள் கழித்து நாலு பெயர் சேர்த்துக் கொண்டுவருவார். நாலு பெயர் என்றால் ஒன்பது வரி கலையும். பிறகு சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் முடுக்கி மெஷினில் ஏற்றினால் ஓர் ஓரம் கறுப்பாக விழும், ஓர் ஓரம் விழவே விழாது. அடியில் துண்டுக் காகிதம் ஒட்டி ஒட்டி மட்டம் பார்ப்பதற்குள் ஒரு பொழுது போய்விடும். ஐந்நூறு பத்திரிகை அடிக்க ஆனதோ அரை மணி. பிள்ளையார் படம் சிவப்பில் வேண்டும் என்றால் ரோலரைக் கழுவி, மை மாற்றி, மறுபடி ஓர் ஓட்டம். எல்லாம் முடிந்த பிறகும் வேலை முடியாது. கோத்த ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் போடவேண்டும். அதற்குத் தனியாக எந்த வாடிக்கையாளரிடமும் கூலி கேட்க முடியாது.

ஆக, மெஷின் ஓடிய நேரம் அரை மணி. ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஆனது ஒன்றரை நாள். வேகமான மெஷின் வாங்கி அந்த அரை மணியைக் கால் மணி ஆக்கினால் என்ன கிடைத்துவிடும்? ஜெர்மனியில் 1914இல் காட்சிக்கு வந்த ஹைடல்பெர்க் மெஷின் தானே தாளை உறிஞ்சி எடுத்து, தானே அடித்து, தானே அடுக்கும். மணிக்கு ஐயாயிரம் வரை ஓடும். சிவகாசியில் லட்சக்கணக்கில் லேபிள் அடிப்பவருக்கு அது தங்கச் சுரங்கம். ஐந்நூறு பத்திரிகைக்காரனுக்கு அதனால் பெரிய லாபமில்லை. எங்கள் தொழிலில் செலவு இருந்தது ஆயத்தத்தில்.

அந்த ஆயத்தத்தை முதலில் குறைத்தது மெஷின்கூட இல்லை, எழுத்துச் சீர்திருத்தம். 1935இல் பெரியார் குடி அரசு இதழில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றுக்கு இருந்த தனி வடிவங்களைக் கைவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே அச்சடிக்கத் தொடங்கினார். மொத்தம் பதின்மூன்று. 1978இல் தமிழக அரசு அதை ஆணையாகப் போட்டது. மொழி அறிஞர்கள் இதைப் பற்றி என்னென்னவோ வாதாடினார்கள். அச்சாபீஸில் அதன் பொருள் வேறு: தனியாக வார்த்து வாங்க வேண்டிய எழுத்துகள் குறைந்தன, கேஸில் அறை குறைந்தது, கை போகும் தூரம் குறைந்தது. இருந்தாலும் பழைய எழுத்து தேயும்வரை அதையேதான் பல இடங்களில் ஓட்டினார்கள். காசு போட்டு வாங்கிய ஈயத்தை அரசாணைக்காக யார் உருக்குவார்?

1997இல் வலங்கைமான் வட்டம் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து புதிய திருவாரூர் மாவட்டத்துக்குப் போனது. கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், கடை என்று ஊரில் இருந்த லெட்டர்பேடு, ரசீது, பில் அத்தனையிலும் மாவட்டத்தை மாற்ற வேண்டும். அடிக்கடி வரும் வேலைகளைக் கோத்தபடியே கட்டி வைத்திருப்போம். அவ்வளவையும் பிரித்து வரி மாற்ற வேண்டியிருந்தது. அதே சமயம் கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஒரு சொல்லை அழித்து மறுசொல் அடித்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து பிரிக்கும் வேலை என்ற ஒன்றே அவர்களுக்கு இல்லை. எங்கள் அச்சாபீஸின் ஈயம் எடைக்குப் போவது அப்போதே முடிவாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் பக்கம் கோக்கும் டிடிபி வந்ததும் மிச்சமான முதல் செலவு கம்போசிட்டரின் கூலி. எங்கள் கம்போசிட்டர் நான் பேஜ்மேக்கரில் வரி நீட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுல தப்பு பண்ணா கை கறுக்காது போலிருக்கே தம்பி" என்றார். சில மாதம் புரூப் பார்த்தார். பிறகு வயல் வேலைக்குப் போனார். அவர் கூலியில் மிச்சமானதை நானும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று முகூர்த்த சீசனுக்குள் ஊருக்கு ஊர் டிடிபி சென்டர் முளைத்து, போட்டியில் விலை இறங்கி, அந்தக் காசு பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர் பைக்குப் போய்விட்டது. எல்லோரும் வாங்கிவிட்ட மெஷினால் யாருக்கும் தனி லாபம் கிடையாது. வாங்காதவனுக்கு நஷ்டம் மட்டும் நிச்சயம்.

பெரிய அச்சகங்களில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. முன்பெல்லாம் ஆஃப்செட்டில் அடிக்கப் பிலிம் எடுத்து, ஒட்டி, பிளேட் போட வேண்டும். 1990களின் நடுவில் கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் சிடிபி வந்து பிலிமைத் தூக்கியெறிந்தது. 1995இல் தொடங்கிய சிஐபி3 என்ற கூட்டு முயற்சியால், பக்கத்தின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு மை என்ற விவரம் பைலிலிருந்தே மெஷினுக்குப் போனது. நிறம் சரியாக விழும்வரை நூற்றுக்கணக்கில் வீணாகப் போன தாள் வெகுவாகக் குறைந்தது. 2000இல் அடோபி, அக்ஃபா, ஹைடல்பெர்க், மான் ரோலண்ட் நான்கும் சேர்ந்து ஜேடிஎஃப் என்ற பொது வடிவத்தை அறிவித்தன. ஆர்டர், பேப்பர், மடிப்பு, பைண்டிங், டெலிவரி எல்லாம் ஒரே பைலில். ஒவ்வொரு மெஷினும் தனக்கு வேண்டியதைப் படித்துக்கொள்ளும். இதிலும் மிச்சமானது மெஷின் ஓடாத நேரம்தான்.

எங்கள் ஊருக்கு இது வந்த விதம் வேறு. விசிட்டிங் கார்டு கேட்டு ஒருவர் வருகிறார். நான் டிசைன் செய்து சிவகாசிக்கு அனுப்புகிறேன். அங்கே பல ஊர்க் கார்டுகளை ஒரே பிளேட்டில் சேர்த்துப் போட்டு ஒரே ஓட்டத்தில் அடித்து, வெட்டி, பார்சலில் ஏற்றிவிடுகிறார்கள். என் மெஷினை ஓட்டி அந்த விலைக்கு என்னால் அடிக்கவே முடியாது. ஆயத்தச் செலவை அவர்கள் பல பேருக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். நான் பாதி அச்சுக்காரன், பாதி ஏஜெண்ட்.

அப்படியானால் சின்ன அச்சாபீஸில் தங்கும் மிச்சம் என்று ஒன்று உண்டா? உண்டு. திரும்பச் செய்யாத வேலையில் அது இருக்கிறது. இப்போது விஷயம் வாட்ஸாப்பில் யூனிகோடில் வருகிறது. டிசைன் செய்யும் பழைய ஃபாண்டோ வேறு குறியீடு. முன்பு பார்த்துப் பார்த்து மறுபடி டைப் அடித்தோம். இப்போது கன்வெர்ட்டரில் போட்டால் நொடியில் மாறிவிடுகிறது. ஆனால் கொம்பு ஓரிடத்தில் துள்ளி ஓடும், ஸ்ரீ கட்டமாகிவிடும். அதைப் பார்க்கக் கண் வேண்டும். தாய்மாமன் பெயர் எந்த வரிசையில் வரவேண்டும், காலமான தாத்தா பெயருக்கு முன்னால் என்ன போடவேண்டும் என்பதும் எந்தச் சாஃப்ட்வேருக்கும் தெரியாது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: வீட்டில் ஒருவர் மட்டும் "சரி" என்று போடவேண்டும், அதற்குப் பிறகு மாற்றினால் தனி ரேட். இந்த ஒரு விதி மிச்சம் பிடித்துக் கொடுத்த அளவுக்கு எந்த மெஷினும் எனக்குப் பிடித்துக் கொடுக்கவில்லை.

சமீபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் கிராமத்துக் கோயிலின் வரலாற்றை எழுதிக்கொண்டு வந்தார். "எத்தனை காப்பி சார்?" என்றேன். "அம்பது போதும்பா, சொந்தக்காரங்களுக்கும் லைப்ரரிக்கும்" என்றார். டிரெடில் காலத்தில் அப்பா அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஐம்பதுக்கும் ஆயிரத்துக்கும் கோப்புக்கூலி ஒன்றுதான். ஆயிரம் அடித்தால் மீதி பரணில் கரையான் தின்னும். இன்று டிஜிட்டல் மெஷினில் பிளேட்டும் இல்லை, கோப்பும் இல்லை, ஐம்பதை ஐம்பதாகவே அடித்துக் கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது சின்னத் தொகை. ஆனால் முந்நூறு வருஷம் பேப்பரிலும் ஈயத்திலும் கூலியிலும் பிடித்த மிச்சத்தின் பலன், புத்தகம் போடப் பணக்காரராக இருக்கவேண்டியதில்லை என்ற நிலை. விலை குறைந்ததைவிட இதைத்தான் நான் பெரிதாக எழுதிக்கொள்வேன்.