அச்சேற முதல் ஒருக்கா: புறூவ் பார்த்தவர்களின் கதை

1631ஆம் ஆண்டு. லண்டனில் அரச அச்சகத்தாரான ரொபேர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூக்கஸும் ஒரு பைபிளை அச்சிட்டார்கள். பத்துக் கட்டளைகளில் ஏழாவது, விபசாரத்தை விலக்கும் கட்டளை. அந்த வசனத்தில் மறுப்பைக் குறிக்கிற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் விடுபட்டுப் போச்சு. ‘செய்யாதே’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘செய்’ என்று கடவுளே கட்டளையிட்டது போல ஆகிவிட்டது! விசயம் முதலாம் சாள்ஸ் மன்னர் வரை போனது. 300 பவுண் தண்டம். பிரதிகளைத் தேடிப் பிடித்து அழித்தார்கள். தப்பிய சில பிரதிகளுக்கு இன்று ‘பொல்லாத பைபிள்’ என்று பேர்.

சிரிப்பான கதைதான். ஆனால் அந்தக் காலத்துப் பேராயர் ஜோர்ஜ் அபொட் இதைப் பற்றிச் சொன்ன முறைப்பாடு சிரிப்பானதல்ல. முந்தி பைபிள் அச்சிடும்போது படித்த, நிதானமான ஆட்களைப் பிழைதிருத்த வைத்திருந்தார்கள். இப்போது கடதாசியும் மட்டம், எழுத்துக் கோர்க்கிறது சின்னப் பொடியங்கள், திருத்துகிறவர்களுக்குப் படிப்பில்லை என்பதே அவருடைய ஆத்திரம். அதாவது, அவருடைய கணக்கில் பிழை புகுந்தது, செலவைக் குறைத்த இடத்தால்.

கையால் எழுதிய காலத்தில் பிழை இல்லையா? தாராளமாக இருந்தது. ஆனால் ஒருவர் ஏட்டில் விட்ட பிழை அந்த ஏட்டோடும் அதைப் பார்த்து எழுதினவர்களோடும் நின்றது. பக்கத்து ஊர் ஏட்டோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். அச்சுப் பிழை அப்படியல்ல. ஆயிரம் பிரதி அடித்தால் ஆயிரத்திலும் அதே பக்கம், அதே வரி, அதே பிழை. எல்லாச் சாட்சியும் ஒரே பொய்யைச் சொன்னால் யாரை வைத்து யாரைத் திருத்துவது?

இதைத் தடுக்கத்தான் முன்படி எடுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாக, இடம்வலம் மாற்றிக் கோர்ப்பார். கோர்த்த வரிகளை நீண்ட தட்டொன்றில் அடுக்கி, மை பூசி ஒரு படி எடுப்பார்கள். அந்தத் தட்டுக்கு ஆங்கிலத்தில் ‘கலி’ என்று பெயர். ‘கலி புறூவ்’ என்பது அதனால் வந்தது. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் படியில் விரல் வைத்துக்கொண்டு போவார். எங்கட பத்திரிகைகள் இந்த வேலை செய்பவரை ‘ஒப்புநோக்காளர்’ என்றது எவ்வளவு பொருத்தம்! இரண்டை ஒப்பிட்டு நோக்குவதுதானே வேலை.

இதில் அவசரமும் ஒன்று இருந்தது. சின்ன அச்சகங்களிடம் ஒரு முழுப் புத்தகத்துக்குக் காணக்கூடிய அளவு எழுத்துகள் இராது. சில பக்கங்களைக் கோர்த்து, திருத்தி, அடித்து முடித்ததும் அந்த எழுத்துகளையே பிரித்து அடுத்த பக்கங்களுக்குப் பாவிப்பார்கள். பிரித்தால் பிரித்ததுதான். ஆறாம் பக்கத்துப் பிழையை அறுபதாம் பக்கம் வந்தபிறகு கண்டால், கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பட்டியல் போடலாம், அவ்வளவுதான். பழைய தமிழ்ப் புத்தகங்களில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று கட்டம் போட்டு வருமே, அது கைநழுவிப் போனவைகளின் பட்டியல்.

1608இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஹீரோனிமஸ் ஹோர்ன்ஷுக் என்ற மருத்துவ மாணவர், பிழைதிருத்துவோருக்கென்றே ஒரு கைந்நூல் வெளியிட்டார். அவர் அச்சகமொன்றில் அதே வேலை பார்த்தவர். ஓரத்தில் போடவேண்டிய திருத்தக் குறிகளையும் அதில் தொகுத்துத் தந்தார். அப்படியான குறிகளின் வழிவந்தவற்றைத்தான் இன்றைக்கும் சிவப்புப் பேனையால் போடுகிறோம்.

தமிழுக்கு வந்தால் இந்த வேலை இரட்டிப்புப் பாரம். மூலமே ஓலை. ஓலையில் புள்ளி வைப்பது அரிது. எழுத்தாணிக் குத்தில் ஓலை கிழிந்துவிடலாம். குறில் எகர ஒகரத்துக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒரே மாதிரி. காலும் ரகரமும் ஒரே கோடு. காற்புள்ளி, முற்றுப்புள்ளி கிடையாது. ஆகவே தமிழில் புறூவ் பார்த்தவர் எழுத்துப் பிழையை மட்டும் பார்க்கவில்லை, அது என்ன சொல் என்பதையே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

நல்லூர் ஆறுமுகநாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். அவருடைய பதிப்புகள் பிழையில்லாதவை என்ற பெயர் கடல் தாண்டியும் இருந்தது. அந்தக் காலத்துத் தலைப்புப் பக்கங்களில் ‘பரிசோதித்து’ என்றொரு சொல் வரும். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடத்தைத் தெரிந்தெடுத்தேன், இதற்கு நான் பொறுப்பு என்பது அதன் பொருள். 1868இல் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டபோது, அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலரே. பிறகு பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று பிள்ளையவர்கள் தொடர்ந்தார். தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளோடு தான் பட்ட பாட்டைத் தன் பதிப்புரையில் அவரே எழுதியிருக்கிறார்.

இது ஏன் எங்களுக்கு முக்கியம்? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஓலைச்சுவடிகளும் சேர்ந்து எரிந்தன. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீட்டுப் பெட்டகங்களைக் கொண்டுபோயின. ஏடு போன நூலுக்கு அச்சுப் புத்தகமே ஒரே சாட்சி. அதில் ஒரு சொல் பிழைத்தால் இனி அந்தப் பிழைதான் மூலம். நூறு வருசத்துக்கு முன் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் கண் எரியப் பார்த்ததை நம்பித்தான் இன்று நாங்கள் வாசிக்கிறோம்.

இப்போது ஈய எழுத்தும் இல்லை, கலியும் இல்லை. வெளியீட்டுத் திகதியையும் மண்டபத்தையும் முதலே குறித்துவிட்டு, பிடிஎஃபைப் போனிலே தள்ளிப் பார்த்து ‘ஓகே’ சொல்கிறோம். கொம்பியூட்டர் எழுத்துப் பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டலாம். ஆனால் ‘கொடி’ வரவேண்டிய இடத்தில் ‘கோடி’ வந்தால், இரண்டும் சரியான சொல்தானே, கோடு விழாது. அதைப் பிடிக்க, பொருள் தெரிந்து நிதானமாக வாசிக்கிற ஒரு மனுசர் வேணும்.

அடுத்த முறை ஒரு புது ஈழத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கோ. அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். ஒப்புநோக்கியவரின் பெயர் இருக்கா? நாவலர் காலத்தில் அது தலைப்புப் பக்கத்திலேயே இருந்தது.