லீபிக் குளிர்விப்பான்

வாலை வடிப்பில் திரவத்தைக் கொதிக்கவைக்க அடுப்பு போதும். எழுகிற ஆவியைத் தப்பவிடாமல் மீண்டும் திரவமாக்குவதுதான் நெடுங்காலம் சிக்கலாக இருந்தது. 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீராவி, அதே வெப்பநிலையில் நீராக மாறவே ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை விட்டாக வேண்டும். அதை வாங்கிக்கொள்ள ஏதேனும் ஒன்று அருகில் இருக்க வேண்டும்.

பழைய வாலைகளில் காற்று பட்ட மூடியும் நீண்ட மூக்கும் அந்த வேலையைச் செய்தன. பின்னர் மூடியைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி வந்தது. சுருள்குழாயைப் பீப்பாய்த் தண்ணீரில் அமிழ்த்தும் முறையும் வந்தது. சாராயம் வடிப்போருக்குச் சுருள்குழாய் நன்றாகவே உதவியது. ஆய்வுக்கூடத்துக்கு அது ஒத்துவரவில்லை: பீப்பாய் நீர் சூடேறிவிடும், சுருளுக்குள் ஒட்டியதைக் கழுவி எடுப்பதும் பெரும்பாடு.

1771-இல் ஜெர்மானியரான கிறிஸ்தியான் எரன்ஃப்ரீட் வைகல், கோட்டிங்கனில் அளித்த ஆய்வேட்டில் வேறோர் அமைப்பை விவரித்தார். ஒன்றனுள் ஒன்றாக இரண்டு தகரக் குழாய்கள். அவற்றின் கீழ்முனைகள் இணைந்திருக்கும், மேல்முனை திறந்திருக்கும். ஆவி செல்லும் கண்ணாடிக் குழாய் உட்குழாயின் ஊடே போகும். கீழே புகும் குளிர்நீர் இடைவெளியில் ஏறி மேலே வழியும். பிறகு வைகல் உள்தகரத்தை நீக்கிக் கண்ணாடியையே உட்குழாயாக்கினார்.

இதன் சிறப்பெல்லாம் நீரின் திசையில் இருக்கிறது. ஆவி மேலிருந்து இறங்க, நீர் கீழிருந்து ஏறுகிறது. சற்றுச் சூடான நீர் மிகச் சூடான ஆவியையும், புதுநீர் ஓரளவு குளிர்ந்த வடிநீரையும் சந்திப்பதால், வழி நெடுக வெப்பம் கடக்கத் தேவையான வேறுபாடு நிலைக்கிறது. நீர் ஓடும் இடைவெளியும் காற்று தங்காமல் முழுவதும் நிரம்புகிறது.

பிரான்சில் பொவாசோனியே 1779-இலும், பின்லாந்தில் யோஹான் கதோலின் 1791-இலும் இதே வழியைத் தனித்தனியே கண்டனர். 1794-இல் ஜெர்மானியரான கோட்லிங் வைகலின் அமைப்பைச் செம்மைப்படுத்தினார். ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் லீபிக் இதைக் கோட்லிங்கின் கருவி என்றே குறிப்பிட்டார். 1824 முதல் கீசன் நகரில் லீபிக் நடத்திய ஆய்வுக்கூடத்தில் பல நாட்டு மாணவர்கள் பயின்றனர். அவர்கள் வழியே கருவி பரவியது, அவர் பெயரும் அதனுடன் ஒட்டிக்கொண்டது.

1847-இல் வேதியியலாளர்கள் கோல்பேயும் ஃபிராங்லண்டும் நைட்ரைல்களை அமிலமாக்கியபோது குளிர்விப்பானைக் குடுவைமேல் பொருத்தி, ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி செய்தனர். திரவம் வற்றாமல் மணிக்கணக்கில் கொதிக்கவைக்க இதனால் வழி பிறந்தது. இந்த வேலைக்குப் பின்னாளில் குமிழ்குமிழாக உப்பிய உட்குழாய் கொண்ட அலின் வகை உருவானது. சாய்த்து வைத்தால் குமிழ்களில் வடிநீர் தேங்கும் என்பதால், வடித்தெடுப்பதற்கு நேர்க்குழாய் கொண்ட லீபிக் வகையே இன்றும் பயன்படுகிறது.